இங்க் டேங்க் பிரிண்டர்: முதன்முதலாக மை நிரப்புவது எப்படி?

காந்திபுரம் கடைகளில் வீட்டு உபயோகத்திற்கு என்று பிரிண்டர் கேட்டால், பெரும்பாலும் இங்க் டேங்க் மாடலைத்தான் எடுத்து வைப்பார்கள். எப்சன் நிறுவனம் 2010-ல் இந்தோனேசியாவில் முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்த வகை இது. அதற்கு முன் நம் ஊர் மெக்கானிக்குகளே கார்ட்ரிட்ஜில் டியூப் சொருகி, வெளியே மை டப்பா வைத்து ஓட்டிக் கொண்டிருந்தார்கள்!

வாங்கி வந்ததும் மையை ஊற்றிவிட்டு உடனே பிரிண்ட் கொடுக்க முடியாது. தொட்டியிலிருந்து ஹெட் வரை நீண்ட மெல்லிய டியூப் முழுவதும் காற்றுதான் இருக்கும். தோட்டத்து மோனோபிளாக் மோட்டாரில் காற்று பிடித்துக் கொண்டால் ஓடும், ஆனால் தண்ணீர் வராது அல்லவா? இங்கும் அதே கதைதான்.

எப்சன் ஹெட்டில் மின்சாரம் பட்டதும் வளையும் பீசோ தகடு மையைத் தள்ளுகிறது. மிகச் சிறிய துளியின் அளவு, பல மாடல்களில், 3 பிகோலிட்டர். பிகோலிட்டர் என்பது ஒரு லிட்டரில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. 65 மி.லி. பாட்டிலில் இப்படி இரண்டாயிரம் கோடிக்கு மேல் துளிகள்! அறைக்குள் காற்றுக் குமிழி இருந்தால் தகடு தள்ளும்போது குமிழிதான் சுருங்கும், துளி விழாது. கேனான், எச்பி வகைகளில் மையைச் சூடாக்கித் தள்ளுவார்கள். அங்கும் டியூபில் காற்று ஆகாது.

முதலில் பிரிண்டரைச் சமமான மேசையில் வையுங்கள். உள்ளே ஒட்டியிருக்கும் டேப்புகளை எல்லாம் எடுங்கள். யூஎஸ்பி கேபிளை இப்போது இணைக்க வேண்டாம். தொட்டியின் நிறத்தையும் பாட்டிலின் நிறத்தையும் இரண்டு முறை ஒப்பிட்டுப் பார்த்து ஊற்றுங்கள். மேல்கோட்டைத் தாண்டக் கூடாது. மூடியை அழுத்தி மூடுங்கள்.

அடுத்ததுதான் முக்கியம். பெட்டியில் உள்ள தாளில் காட்டியிருக்கும் பட்டனைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்தால் பவர் விளக்கு மினுக்கத் தொடங்கும். பிரிண்டர் டியூபில் உள்ள காற்றை வெளியே இழுத்து மையை உள்ளே நிரப்புகிறது. மாடலைப் பொறுத்து 10 முதல் 20 நிமிடம் ஆகும். விளக்கு மினுக்குவது நிற்கும் வரை ஆஃப் செய்யாதீர்கள், மூடியைத் திறக்காதீர்கள். பாதியில் நின்றால் ஹெட்டுக்குள் காற்று தங்கிவிடும். மீண்டும் இழுக்க நிறைய மை வீணாகும். பிரிண்டரிலேயே விலை கூடிய பாகமும் அந்த ஹெட்தான்.

எனவே மின்வாரியத்தின் மாதாந்திர பராமரிப்பு நாளில் இதைத் தொடங்க வேண்டாம். எந்தப் பகுதியில் என்று செய்தித்தாளில் முன்னதாகவே வந்துவிடும். யூபிஎஸ் இருந்தால் அதில் சொருகுங்கள். இந்த வகைப் பிரிண்டர் மிகக் குறைந்த மின்சாரமே எடுக்கும். (லேசர் பிரிண்டரை மட்டும் யூபிஎஸ்ஸில் மாட்டிவிடாதீர்கள்!)

தொட்டியில் மட்டம் இறங்கியிருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். குறைந்த மை டியூபிலும் ஹெட்டிலும் நிரம்பியிருக்கிறது. பாட்டிலில் மிச்சம் இருந்தால் மேல்கோடு வரை ஊற்றிக் கொள்ளுங்கள்.

இனி நாசில் செக் அச்சிடுங்கள். கோடுகள் விட்டுவிட்டு வந்தால் ஹெட் கிளீனிங் ஒரு முறை கொடுங்கள். மூன்று முறை கொடுத்தும் சரியாகவில்லை என்றால் மேலும் மேலும் கிளீனிங் கொடுத்து மையைத் தீர்க்காதீர்கள். ஆஃப் செய்துவிட்டு 12 மணி நேரம் விட்டுவிடுங்கள். அதன்பின் மறுபடி நாசில் செக் எடுத்துப் பாருங்கள். அப்போதும் கோடு விடுபட்டால் பில்லுடன் சர்வீஸ் சென்டருக்குப் போகலாம். ஆனால் தொட்டி நிரம்பிய பிரிண்டரைப் பஸ்ஸில் மடியில் சாய்த்து எடுத்துப் போகாதீர்கள்.