தளை தட்டிய எஞ்சின்

நாற்சீர் அடி ஒன்றை உரக்கப் படிக்கும்பொழுது ஒரு சீர் சிதைந்திருப்பின், பொருள் விளங்குமுன்னரே செவி அதனைக் கண்டுகொள்ளும். மாணவர்களே, நான்கு உருளைகளையுடைய கார் எஞ்சினும் அத்தகையதே.

ஒவ்வோர் உருளையினுள்ளும் பெட்ரோலும் காற்றும் கலந்து புகும். பிஸ்டன் மேலெழுந்து அக்கலவையை அமுக்கும். ஸ்பார்க் பிளக் தீப்பொறி தர, கலவை எரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளும். பின்னர்ப் புகை வெளியேறும். இந்நான்கு வீச்சு முறையில் செவ்வனே இயங்கும் எஞ்சினை ஜெர்மானியராகிய நிக்கோலாஸ் ஓட்டோ 1876-ஆம் ஆண்டில் அமைத்தார். நின்ற நிலையில் எஞ்சின் நிமிடத்திற்கு 800 சுற்றுச் சுற்றுமாயின், ஓர் உருளை 400 முறை எரியும். நான்கும் சேர்ந்து 1600 முறை எரியும். அவற்றுள் ஒன்று எரியாது போயின் ஓசையில் இடறல் தோன்றும்; வண்டி குலுங்கும். மெக்கானிக்குகள் இதனை ‘மிஸ்ஸிங் அடித்தல்’ என்பர். தளை தட்டுதல் என்று நான் சொல்லுவேன்.

தளை தட்டுவதைச் செவி அறியும். ஏன் தட்டுகிறது என்பதைச் செவி அறியாது. இவ்வேறுபாட்டை நான் முதுமையிலேதான் கற்றேன்.

என் தம்பிக்குச் சிறுநீரகம் பழுதுற்றமையால் வாரம் இருமுறை மருத்துவமனைக்குச் செல்லவேண்டியதாயிற்று. அவன் மகன் பழைய கார் ஒன்றை வாங்க எண்ணினான். தாயின் வளையல்களை அடகு வைத்துப் பெற்ற பணம் அவன் கையில் இருந்தது. என் பழைய மாணவராகிய மெக்கானிக் ஒருவரையும் உடன் அழைத்துக்கொண்டு போனோம். வகுப்பிலே அலகிடுவதற்குத் தடுமாறியவர் அவர். எஞ்சினின் அலகை மட்டும் பிழையறப் பிரிப்பார்.

நாங்கள் சென்றது மாலை நான்கு மணி. எஞ்சின் யாழ்போல் இசைத்தது. தம்பி மகன் முன்பணம் கொடுக்கவே முற்பட்டான். மெக்கானிக்கோ, எஞ்சினை இயக்குவதற்கு முன்னமே பானட்டின்மீது உள்ளங்கையை வைத்துப் பார்த்திருந்தார்.

“ஐயா, இது சூடாக இருக்கிறது, நாம் வருமுன்னரே ஓட்டியிருக்கிறார்கள். நாளை விடியற்காலையில் வருவோம். அதுவரை ஸ்டார்ட் செய்யாதிருக்கும்படி சொல்லுங்கள்” என்றார். உலோகம் வெப்பத்தால் விரியும். விரியவே சிறு கசிவுகள் அடைபடும். குளிர்ந்த எஞ்சினே உள்ளதை உள்ளவாறு சொல்லும் என்பது அவர் கருத்து.

மறுநாட் காலையில் சாவியைத் திருப்பியதும் எஞ்சின் விளக்கு எரிந்தது. அஃது எரியத்தான் வேண்டும். எரியாவிடின், பழுதை மறைக்க யாரோ விளக்கையே செயலறச் செய்தனர் என ஐயுறலாம். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அது அணைதல் முறை. இங்கோ அணைந்து, பின் விட்டுவிட்டு மின்னியது. எரியாத பெட்ரோல் புகைக்குழாயிலுள்ள வினையூக்கி மாற்றியைச் சென்று கெடுக்கும் என்னும் எச்சரிக்கையே அம்மினுக்கு. இருக்கை நடுங்கிற்று. பின்புறம் வெண்புகை எழுந்தது.

குறியீடு காட்டும் சிறு கருவியை மெக்கானிக் பொருத்தினார். ‘பி0303’ என்று வந்தது; ஈற்றிலுள்ள மூன்று, மூன்றாம் உருளையைக் குறிக்கும். (விற்பனைக்குச் சற்று முன்னர்க் குறியீடுகளை அழித்துவிடுவோரும் உளர். அப்பொழுது வண்டியின் தற்சோதனைகள் முற்றுப்பெறவில்லை என்று அக்கருவியே காட்டிக்கொடுத்துவிடும்.)

“மூன்றுதான் என்று தெரிந்துவிட்டதே, பிளக் மாற்றினால் தீராதா?” என்றேன்.

“தீரலாம் ஐயா. பிளக்காக இருந்தால் சில நூறு ரூபாய்தான். ஆனால் காயிலாக இருக்கலாம், இன்ஜெக்டராக இருக்கலாம், அமுக்கம் குறைந்தும் இருக்கலாம். ஓசை எல்லாவற்றுக்கும் ஒன்றே.”

எஞ்சினை உடனே நிறுத்தி, உரியவரின் இசைவுடன், மூன்றாம் உருளையின் காயிலை இரண்டாவதற்கும், இரண்டாவதன் காயிலை மூன்றாவதற்கும் மாற்றினார். குற்றம் காயிலுடையதாயின் இரண்டாம் உருளைக்கு நகர்ந்திருக்கும். நகரவில்லை. பின்னர் மூன்றாம் பிளக்கைக் கழற்றினார். நல்ல பிளக்கின் நுனி இளம் பழுப்பாக உலர்ந்திருக்கும், இது நனைந்திருந்தது. பெட்ரோல் நாற்றம் இல்லை. ஒருவகை இனிப்பு மணமே வீசிற்று. எஞ்சினைக் குளிர்விக்கும் கூலண்டின் மணம் அது. அதன் தொட்டியிலும் நீர்மட்டம் கீழ்க்கோட்டிற்குத் தாழ்ந்து கிடந்தது.

“ஹெட் கேஸ்கட் போயிருக்கிறது” என்றார். உருளைகளின் உடலுக்கும் தலைக்கும் இடையே அமைந்த மெல்லிய தகடு அது. அதன் வழியே இரவெல்லாம் கூலண்டு கசிந்து உருளையில் இறங்குகிறது; எஞ்சின் சூடேறினால் ஒருவாறு அடங்குகிறது. எஞ்சினின் தலையையே கழற்றினாலன்றி இதனைச் சீர்செய்தல் இயலாது.

விற்பவர் மனம் வாடினார். “வாரந்தோறும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுவேன், வேறு ஒரு குறையும் இல்லை என்றே எண்ணியிருந்தேன்” என்றார். அவர் எம்மை ஏமாற்ற எண்ணினார் என்று நான் கருதவில்லை. அவரும் இரண்டாண்டுகளுக்கு முன் அதனை ஒரு நண்பகலிலேதான் பார்த்து வாங்கினாராம்.

இரு திங்கள் கழித்து வேறொரு காரைப் பார்த்தோம், விடியலிலேயே பார்த்தோம். அதிலும் ஓர் உருளை இடறிற்று. அதே குலுக்கம், அதே விளக்கு. ஆனால், காயிலை இடம் மாற்றியதும் குற்றம் அதனோடு நகர்ந்தது. புதிய காயிலின் விலையைக் கழித்துக்கொண்டு அதனையே வாங்கினான். அவ்வண்டியிலேதான் என் தம்பி இப்பொழுது மருத்துவமனைக்குச் சென்று வருகின்றான்.