வயிற்று வலிக்குப் படுக்கையருகே ஸ்கேன்: அது என்ன சொல்லும், என்ன சொல்லாது?

ராத்திரி பதினோரு மணிக்கு வீட்டில் ஒருவருக்கு வயிற்று வலி. முதலில் ஓம வாட்டர். பிறகு மோரில் பெருங்காயம். அதற்கும் அடங்கவில்லை என்றால் பாட்டி விளக்கெண்ணெய் பாட்டிலைத் தேடுவார். அஜீரணத்துக்கும் வாயுத் தொல்லைக்கும் ஓமமும் பெருங்காயமும் நல்ல மருந்துகள்தான். நானே சொல்லி அனுப்புவேன். ஆனால் வலி விடவேயில்லை, அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஓடுகிறீர்கள். அங்கே டாக்டர் ஒரு சின்ன மிஷினைக் கட்டில் பக்கத்தில் தள்ளிக்கொண்டு வந்து, வயிற்றில் ஜெல் தடவி, நாலைந்து நிமிஷம் பார்க்கிறார். பிறகு, "பெரிய ஸ்கேன் ஒண்ணு எடுக்கணும்" என்கிறார். "இப்பத்தானே எடுத்தீங்க, மறுபடி எதுக்கு? பில் ஏத்தவா?" என்று வீட்டாருக்குக் கோபம் வந்துவிடுகிறது.

இந்த இரண்டு ஸ்கேனும் ஒன்றல்ல என்பது தெரிந்தால் பாதிக் கோபம் அடங்கிவிடும். சித்த வைத்தியருக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். வயிற்று வலிக்காரர்களில் பலர் முதலில் வந்து உட்காருவது எங்கள் முன்னால்தானே! யாரைச் சூரணம் கொடுத்து அனுப்பலாம், யாரை அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்று எங்களுக்குத் தெரிந்தாக வேண்டும்.

மனிதக் காது விநாடிக்கு 20,000 அதிர்வுகள் வரைதான் கேட்கும். வயிற்றைப் பார்க்கும் ஸ்கேன் கருவி விடும் ஒலியோ விநாடிக்கு 20 லட்சம் முதல் 50 லட்சம் அதிர்வுகள். அது உள்ளே போய் உறுப்புகளில் பட்டுத் திரும்பி வருவதைத்தான் படமாகக் காட்டுகிறார்கள். எக்ஸ்ரே கதிர் இதில் இல்லை; கர்ப்பிணிக்கும் குழந்தைக்கும் பயமில்லாமல் செய்யலாம். ரத்தம், சிறுநீர் போன்ற திரவம் கறுப்பாகத் தெரியும். கல் வெள்ளையாகத் தெரியும், அதன் பின்னால் நிழல் விழும். இந்த ஒலிக்குப் பெரிய எதிரி காற்று. தோலுக்கும் கருவிக்கும் நடுவே காற்று நிற்கக் கூடாது என்றுதான் அந்த ஜெல்லே. குடலில் காற்று நிறைந்திருந்தால் அதற்குப் பின்னால் இருப்பது எதுவும் தெரியாது. (நாங்கள் சொல்லும் வாயு வேறு, இந்தக் காற்று வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

இந்த முறையை வயிற்றுக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் கிளாஸ்கோ நகரத்து மகப்பேறு நிபுணர் இயன் டொனால்ட். இரும்பில் விரிசல் பார்க்கும் தொழிற்சாலைக் கருவியை வைத்து ஆரம்பித்தார். 1958-ல் அவரும் சகாக்களும் 'லான்செட்' இதழில் எழுதிய கட்டுரை பிரசித்தம். இரைப்பையில் புற்றுநோய், இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று கைவிடப்பட்ட ஒரு பெண்மணிக்கு இருந்தது சினைப்பையில் சுலபமாக எடுக்கக்கூடிய நீர்க்கட்டி என்று அந்தக் கருவிதான் காட்டிக்கொடுத்தது.

ஒரு சமயத்தில் ஒரு கேள்வி

ஸ்கேன் அறையில் கதிரியக்க நிபுணர் எடுப்பது முழுப் பரிசோதனை. கல்லீரல் முதல் கருப்பை வரை ஒவ்வொன்றாக அளந்து எழுதித் தருவார். கட்டிலோரத்தில் அவசர சிகிச்சை டாக்டர் செய்வது அதல்ல. அவர் மனதில் ஒரு கேள்வி இருக்கும். ஆம், இல்லை என்று அதற்குப் பதில் தேடுகிறார். வெறும் வயிற்றில் வா, தண்ணீர் குடித்துவிட்டு வா என்றெல்லாம் அப்போது காத்திருக்க முடியாது.

முதல் கேள்வி, வயிற்றுக்குள் ரத்தம் கசிகிறதா? பைக்கில் இருந்து விழுந்தவர் எழுந்து நடந்தே வந்திருப்பார், மண்ணீரல் உள்ளே கிழிந்திருக்கும். மல்லாந்து படுக்க வைத்தால் ரத்தம் தாழ்வான இடங்களில் தேங்கும். கல்லீரலுக்கும் வலது சிறுநீரகத்துக்கும் நடுவே உள்ள இடுக்கு அதில் முக்கியமானது. அங்கே கறுப்பாக ஒரு பட்டை தெரிந்து, ரத்த அழுத்தமும் இறங்கிக்கொண்டிருந்தால், ஆபரேஷன் தியேட்டருக்குத் தயாராகிவிடுவார்கள்.

அதே கறுப்புப் பட்டை இளம் பெண்ணிடம் தெரிந்தால் அர்த்தம் வேறு. நாள் தள்ளிப்போயிருக்கிறது, அடிவயிற்றில் வலி, மயக்கம் வருகிறது என்றால் கரு கருப்பையில் தங்காமல் கருக்குழாயில் தங்கி, குழாய் வெடித்திருக்கலாம். இது மணிக்கணக்கில் உயிரை வாங்கும் சங்கதி. இங்கே மிஷினை விடப் பெரிய தடை நம் வீட்டு வெட்கம். மாமியார் பக்கத்தில் நிற்கிறார் என்று மருமகள் சொல்வதில்லை; கல்யாணமாகாத பெண் என்றால் டாக்டர் கேட்பதே தப்பு என்று அப்பா சண்டைக்குப் போகிறார். டாக்டர் உங்களை வெளியே நிற்கச் சொன்னால் தயவுசெய்து வெளியே நில்லுங்கள்.

அறுபது தாண்டிய, சிகரெட் பழக்கமுள்ள ஆணுக்கு வயிற்றிலும் முதுகிலும் திடீர் வலி என்றால் மகாதமனியின் அகலத்தை அளப்பார்கள், 3 செ.மீ. அல்லது அதற்கு மேல் போனால் வீக்கம் என்று கணக்கு. பெரியவர் சிறுநீர் கழிக்க முடியாமல் துடித்தால், நிறைந்து நிற்கும் மூத்திரப்பை ஒரு நொடியில் தெரியும். குழாய் போட்டதும் 'அப்பாடா' என்பார்.

பித்தப்பை விஷயம் எனக்குப் பிடித்தமானது. கல் தெரிகிறதா, பையின் சுவர் 3 மி.மீட்டருக்கு மேல் தடித்திருக்கிறதா என்று பார்ப்பதோடு, படத்தில் பித்தப்பை தெரியும் இடத்திலேயே கருவியை அழுத்தி, "இங்கேதான் ரொம்ப வலிக்குதா?" என்று கேட்பார்கள். எங்கள் எண்வகைத் தேர்வில் ஸ்பரிசம் ஒன்று. இது கண்ணோடு கூடிய ஸ்பரிசம்!

சிறுநீரகக் கல்லில் ஒரு சூட்சுமம். குழாயில் இறங்கிவிட்ட கல் பெரும்பாலும் கட்டிலோர ஸ்கேனில் தெரியாது. அடைப்பினால் சிறுநீரகம் வீங்கியிருப்பதுதான் தெரியும். கல்லின் அளவும் இடமும் தெரிய சி.டி. ஸ்கேன் தேவைப்படலாம்.

'தெரியவில்லை' என்றால் 'இல்லை' அல்ல

குடல்வால் விஷயத்தில்தான் வீட்டார் அதிகம் ஏமாறுகிறார்கள். தொப்புளைச் சுற்றி ஆரம்பித்து, சில மணி நேரத்தில் வலது அடிவயிற்றுக்கு நகர்ந்து நிற்கும் வலி, சாப்பாடு வேண்டாம் என்ற வெறுப்பு, லேசான ஜுரம். கருவியால் மெல்ல மெல்ல அழுத்திக் குடலை விலக்கிப் பார்க்கும் முறையை 1986-ல் நெதர்லாந்து மருத்துவர் ஜூலியன் பையிலார்ட் விவரித்தார். அழுத்தினாலும் நசுங்காத, 6 மி.மீட்டருக்கு மேல் தடித்த குடல்வால் கண்ணில் பட்டால் சந்தேகம் பலமாகிவிடும். ஆனால் குடல்வால் கண்ணிலேயே படாமல் போவதும் சகஜம். ஆள் பருமனாக இருக்கலாம், குடலில் காற்று இருக்கலாம், அது பின்பக்கம் மறைந்திருக்கலாம். அப்போது "ஸ்கேன்ல ஒண்ணுமில்லைன்னுட்டாங்க" என்று வீட்டுக்கு வந்து விளக்கெண்ணெய் கொடுத்தால் என்ன ஆகும்? அழற்சியுள்ள குடல்வாலைப் பேதி மருந்து வெடிக்க வைக்கலாம். விளக்கெண்ணெய் எங்கள் மருத்துவத்தில் உயர்ந்த மருந்து. அதனால்தான் சொல்கிறேன், காரணம் தெரியாத வயிற்று வலிக்கு அதைத் தொடாதீர்கள்.

கைக்குழந்தை விஷயத்தில் இன்னும் கவனம். விட்டு விட்டு வீறிடும், காலை வயிற்றோடு மடக்கும், வாந்தி எடுக்கும், இடையில் துவண்டு தூங்கும். 'குடலேற்றம்' என்று எண்ணெய் தடவி வழித்துவிடச் சொல்வார்கள். இது குடலின் ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள் செருகிக்கொண்ட நிலையாக இருக்கலாம். மூன்று மாதம் முதல் மூன்று வயது வரை அதிகம் வருவது. ஸ்கேனில் வளையத்துக்குள் வளையமாகத் தெரியும். சீக்கிரம் போனால் கத்தி வைக்காமலே, ஆசனவாய் வழியாகக் காற்றோ திரவமோ செலுத்திப் பல குழந்தைகளுக்குச் சரிசெய்துவிடுகிறார்கள். மலத்தில் ரத்தமும் சளியுமாக வரும்வரை காத்திருந்தால் அந்த வாய்ப்பு குறைந்துகொண்டே போகும்.

கணையம் காற்றுக்குப் பின்னால் மறைந்துகொள்ளும். குடலுக்கு ரத்தம் போகாமல் அழுகினால், ஆரம்பத்தில் இந்த ஸ்கேனில் ஒன்றும் தெரியாமல் போகலாம். மேல்வயிற்று வலி மாரடைப்பாகவும் இருக்கலாம், முக்கியமாகச் சர்க்கரை நோயாளிகளுக்கு. வயிற்று வலிக்கு ஏன் ஈ.சி.ஜி. என்று சண்டை போடாதீர்கள். வலிக்கு ஊசி போட்டால் நோய் மறைந்துவிடும் என்று வேண்டாம் என்பவர்களும் உண்டு. அது பழைய எண்ணம். டாக்டர்கள் இப்போது பார்த்துக்கொண்டே வலியையும் குறைக்கிறார்கள்.

விடாத வலி, கல் போல இறுகிய வயிறு, மயக்கம், ரத்த வாந்தி, கறுப்பு மலம், கர்ப்பம், கீழே விழுந்த அடி, இவற்றில் ஏதாவது இருந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள். சாப்பிடவும் குடிக்கவும் எதுவும் கொடுக்காதீர்கள். கடைசியாகச் சாப்பிட்ட நேரம், பழைய ஆபரேஷன், ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரை எல்லாவற்றையும் சொல்லுங்கள். சூரணம், லேகியம், பற்பம் சாப்பிடுபவர்களாக இருந்தால் டப்பாவையே எடுத்துப் போங்கள். டப்பாவில் பெயர் இல்லாவிட்டால், கொடுத்த வைத்தியரின் போன் நம்பரை டாக்டரிடம் கொடுங்கள். நடுராத்திரி ஆனாலும் பரவாயில்லை.