எல்லாம் தாங்கும் வெள்ளரி என்று ஒன்று உண்டா?

நம்பிக்கைகளும் உண்மைகளும்

வெள்ளரி விதை வாங்கப் போகிறவர் கடையில் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: “நோய் நொடி வராம, நல்லா காய்க்கிற ரகம் எது?” நியாயமான கேள்வி. ஒரு தொட்டியோ ஒரு பாத்தியோ மட்டும் வைத்திருப்பவருக்கு, நட்டது பொய்த்தால் அந்தப் பருவமே போயிற்று. இந்தக் கேள்விக்குக் காலங்காலமாக இரண்டு பதில்கள் சொல்லப்படுகின்றன. நாட்டு விதை எதையும் தாங்கும் என்பது ஒன்று. ஹைப்ரிட் விதைதான் காய்த்துக் குலுங்கும் என்பது மற்றொன்று. இரண்டிலும் பாதி உண்மைதான் இருக்கிறது. செடியின் திடம் பொதுப்படையான குணமல்ல. எந்த நோயை, எந்தப் பருவத்தில், எத்தகைய பராமரிப்பில் தாங்குகிறது என்று பிரித்துக் கேட்டால்தான் அந்தச் சொல்லுக்குப் பொருள் உண்டு. வெள்ளரியைப் பற்றி வீட்டுத் தோட்டக்காரர்களிடையே உலவும் ஐந்து நம்பிக்கைகளை ஆராய்ந்தால் இது தெளிவாகும்.

நம்பிக்கை 1: நாட்டு விதை எல்லா நோயையும் தாங்கும், ஹைப்ரிட் நோஞ்சான்.

இந்த நம்பிக்கையின் அடியில் மதிக்க வேண்டிய உண்மை ஒன்று இருக்கிறது. வெள்ளரி நம் நாட்டுப் பயிர். அதன் காட்டு மூதாதை இன்றும் இமயமலை அடிவாரத்தில் கைப்பான சிறு காய்களோடு வளர்கிறது. மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக இந்தியாவில் பயிரிடப்பட்டு வந்ததால், பலவகை நோய்களோடு மோதித் தேறிய வம்சங்கள் இங்கே உருவாயின. அமெரிக்க விதைச் சேகரிப்பில் பி.ஐ. 197087 என்ற எண்ணோடு வைக்கப்பட்ட வெள்ளரி இந்தியாவிலிருந்து போனது. அதில் அடிச்சாம்பல் நோயைத் தாங்கும் தன்மை இருப்பது கண்டறியப்பட்டு, அதை வைத்துத் தென் கரோலினாவில் ‘பாயின்செட்’ என்ற ரகம் உருவாக்கப்பட்டது. பிறகு அமெரிக்காவில் வந்த பல வெள்ளரி ரகங்களுக்கு அந்தத் தாங்கும் திறன் கைமாறியது. பாயின்செட் நம் விதைக் கடைகளுக்கும் வந்து சேர்ந்தது. அயல்நாட்டு ரகம் என்று நாம் ஒதுக்கும் ஒன்றின் உயிர்நாடி நம் மண்ணிலிருந்து போனதாகவே இருக்கலாம்.

இதே கதையின் அடுத்த பகுதி இந்த நம்பிக்கையைத் திருத்துகிறது. பல பத்தாண்டுகள் நின்று காத்த அந்தத் திறன், 2004-இல் அமெரிக்க வயல்களில் உடைந்தது. அடிச்சாம்பல் கிருமியின் புதிய வகையொன்று பரவியது. அதைத் தடுக்கப் பழைய காப்பு போதவில்லை. செடி நோஞ்சானாகிவிட்டதால் இது நடக்கவில்லை. கிருமிதான் மாறியது. ஒரு ரகம் ஒரு நோயைத் தாங்குகிறது என்றால், அந்த நோயின் குறிப்பிட்ட வகைகளை, குறிப்பிட்ட மரபணுக்களின் துணையோடு தாங்குகிறது என்றே பொருள். அடிச்சாம்பலைத் தாங்குவது தேமல் நோயைத் தாங்க வேண்டும் என்பதில்லை. நாட்டு விதைகள் எல்லாவற்றுக்கும் ஒரே தாங்கும் திறன் இருக்கிறது என்பதற்கும் ஆதாரமில்லை. ஒரு வம்சத்தில் இருப்பது பக்கத்து ஊர் வம்சத்தில் இல்லாமல் போகலாம். பல நோய்களைத் தாங்கும் குணங்களை ஒரே செடியில் சேர்க்கும் முயற்சியில்தான் பல ஹைப்ரிட்டுகள் பிறந்தன. அவற்றைப் பிறவியிலேயே நோஞ்சான் என்பதும் தவறு.

“ஹைப்ரிட் என்றால் மரபணு மாற்றியதுதானே?” என்ற அச்சத்துக்கும் இங்கே பதில் சொல்ல வேண்டும். ஹைப்ரிட் என்பது இரண்டு பெற்றோர் வம்சங்களைப் பூவோடு பூ சேர்த்துப் பெறும் விதை. இந்தியாவில் வணிக அளவில் பயிரிடப்படும் மரபணு மாற்றப் பயிர் பருத்தி மட்டுமே. நாட்டு விதை ஆர்வலர்களின் மற்றொரு வாதம் வலுவானது: ஹைப்ரிட் காயிலிருந்து விதை எடுத்து நட்டால் தாயைப் போல வராது. அது உண்மை. அடுத்த தலைமுறையில் குணங்கள் சிதறும். ஆண்டுதோறும் சொந்த விதை வேண்டுமென்பவர் ஹைப்ரிட்டைத் தவிர்ப்பது சரியான முடிவு. ஆனால் அதற்குக் காரணம் விதைச் சுதந்திரம். நோய் தாங்கும் திறனை அதில் கலக்கக் கூடாது. மேலும், பாயின்செட், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ 1 போன்றவை ஹைப்ரிட் அல்ல. இத்தகைய ரகங்களில் விதை எடுத்துத் தொடரலாம். நாட்டு விதை, ஹைப்ரிட் என்ற இரண்டுக்கு நடுவே இப்படி மூன்றாவது வழியும் திறந்திருக்கிறது.

நம்பிக்கை 2: முதலில் வந்த பூவெல்லாம் உதிர்ந்தால் செடி மலடு.

நன்றாக வளர்ந்த எத்தனையோ கொடிகள் இந்த நம்பிக்கையால்தான் பிடுங்கி எறியப்படுகின்றன. பெரும்பாலான வெள்ளரி ரகங்களில் ஒரே கொடியில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனியே வரும். முதலில் வருபவை ஆண் பூக்கள். மகரந்தம் தந்து உதிர்வதே அவற்றின் வேலை. பெண் பூவை அடையாளம் காண்பது எளிது: இதழ்களுக்குக் கீழே விரல் நுனி அளவில் ஒரு குட்டி வெள்ளரி இருக்கும். ஆண் பூவுக்கு வெறும் காம்புதான். விதைத்த 35 முதல் 40 நாட்களில் பூக்கத் தொடங்கும் கொடிக்கு, பெண் பூ வரும் வரை ஒன்றிரண்டு வாரம் பொறுமை காட்டினால் போதும்.

அப்படியும் பெண் பூ குறைவாகவே வந்தால், விதையைப் பழிப்பதற்கு முன் காலண்டரைப் பார்க்க வேண்டும். வெள்ளரியில் ஆண் பூ, பெண் பூ விகிதம் சூழலைப் பொறுத்து மாறும். வெப்பமும் நீண்ட பகலும் ஆண் பூக்களைக் கூட்டும். மிதமான வெப்பமும் குறுகிய பகலும் பெண் பூக்களைக் கூட்டும். தமிழ்நாட்டில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு அதிகம் போனால் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம்தான். ஆகவே இங்கே முக்கியமான காரணம் வெப்பம். கத்திரி வெயிலில் பூக்கும்படி விதைத்த கொடியும், தைப்பட்டத்தில் விதைத்து வெயில் முற்றுமுன் காய்ப்புக்கு வந்த கொடியும் ஒரே பொட்டலத்து விதையாக இருந்தாலும் வேறு வேறாக நடந்துகொள்ளும். தழைச்சத்தை அளவுக்கு மீறிக் கொடுத்தாலும் கொடி இலையாகவே ஓடும்.

பெண் பூ வந்தும் பிஞ்சு மஞ்சளாகி உதிர்கிறதென்றால், அநேகமாக மகரந்தம் சேரவில்லை. வெள்ளரிப் பூவின் ஆயுள் ஏறக்குறைய ஒரு பகல். காலையில் விரிந்து அன்றே வாடத் தொடங்கும். அதற்குள் தேனீக்கள் பலமுறை வந்து போக வேண்டும். ஒன்றிரண்டு முறை மட்டும் வந்தால் சில விதைகளே கருவுறும். அந்தப் பக்கம் மட்டும் பருத்து, காய் ஒரு முனை குறுகி வளைந்து போகும். இதைப் பூச்சி கடித்ததாக நினைத்துக் காலை வேளையில் மருந்து தெளிப்பவர்கள், வர வேண்டிய தேனீயையும் விரட்டிவிடுகிறார்கள். வேப்பெண்ணெய்க் கரைசலே ஆனாலும் மாலையில் தெளிப்பதே முறை. உயரமான மாடிகளில் தேனீ வராவிட்டால், காலை எட்டு, ஒன்பது மணிக்குள் ஆண் பூவின் இதழ்களை நீக்கிவிட்டு, பெண் பூவின் நடுவில் மெல்லத் தடவிவிடலாம். மகரந்தச் சேர்க்கையே தேவைப்படாத ரகங்களும் உண்டு. டெல்லி இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் ‘பூசா விதையில்லா வெள்ளரி 6’ அத்தகையது. ஆனால் அவை வலைக்கூடத்துக்காக உருவானவை. திறந்தவெளியில் தேனீ வந்து போனால் அவற்றிலும் விதை பிடித்துக் காயின் உருவம் கெடலாம்.

நம்பிக்கை 3: பக்கத்தில் பாகல் இருந்தால் வெள்ளரி கசக்கும்.

இது நடக்க வாய்ப்பே இல்லை. பாகலும் வெள்ளரியும் ஒரே குடும்பம் என்றாலும் வேறு வேறு பேரினம். ஒன்றின் மகரந்தம் மற்றொன்றில் விதையை உண்டாக்காது. இன்னும் நெருங்கிய உறவான முலாம்பழத்தோடுகூட வெள்ளரி இயல்பாகக் கலப்பதில்லை. வெள்ளரியின் குரோமோசோம்கள் 14, முலாம்பழத்துக்கு 24. நாம் உண்ணும் சதை தாய்ச்செடியின் திசு என்பதையும் கவனிக்க வேண்டும். எந்தப் பூவின் மகரந்தம் வந்தாலும் அதன் குணம் விதைக்குள் மட்டுமே போகும். அந்தப் பருவத்துக் காயின் சுவை மாறாது. “அப்படியானால் போன வருஷம் எடுத்து வைத்த விதையில் வந்த காய் ஏன் கசந்தது?” என்று கேட்பவர்களின் அனுபவம் பொய்யல்ல. பக்கத்தில் வேறு ரக வெள்ளரி இருந்து, அதன் கசப்புக் குணம் விதையோடு கலந்திருக்கும். மறு தலைமுறையில் அது காயில் தெரியும். காரணம் இன்னொரு வெள்ளரிதான். பாகலின் மேல் பழியில்லை.

கசப்பு எங்கிருந்து வருகிறது என்பது நன்றாகவே ஆராயப்பட்டிருக்கிறது. குக்கர்பிட்டாசின் என்ற சேர்மம்தான் காரணம். காட்டு வெள்ளரியில் இலை, தண்டு, காய் எங்கும் அது இருக்கும். தின்ன வரும் உயிர்களைத் துரத்த செடி செய்துகொண்ட ஏற்பாடு. மனிதர் தேர்ந்தெடுத்து வளர்த்த ரகங்களில் காயில் மட்டும் அது அடங்கியது, இலையில் தங்கியது. நீர் தட்டுப்பட்டு, வெயில் தாக்கி, செடி தவிக்கும்போது சில ரகங்களின் காயில் மீண்டும் தலைகாட்டும். நெதர்லாந்தின் ஆண்டெவெக், டி பிரெய்ன் ஆகியோர் இலையிலும் கசப்பில்லாத வெள்ளரிச் செடியைப் பற்றி 1959-இல் எழுதினார்கள். கசப்பே இல்லாத ரகங்களுக்கு அது வழி திறந்தது. ஆனால் இலையில் கசப்பு போன செடிகளைச் சிலந்திப்பேன் கூடுதலாகத் தாக்குவதும் பின்னர் கண்டறியப்பட்டது. நாக்குக்கு இனிமையாக்கிய அதே மாற்றம் ஒரு பூச்சிக்குக் கதவைத் திறந்துவிட்டது. எல்லாவற்றையும் ஒருசேரத் தாங்கும் செடி கிடையாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

நம்பிக்கை 4: நுனியை வெட்டித் தேய்த்தால் கசப்பு நுரையாக வெளியேறும்.

வெட்டிய இரு பரப்புகளைத் தேய்க்கும்போது வரும் நுரை, திசுக் குழாய்களிலிருந்து வழியும் சாறு. சதைக்குள் பரவிய கசப்பை அது உறிஞ்சி வெளியே கொண்டுவராது. ஆனால் கசப்பு பெரும்பாலும் காம்புப் பக்கமும் தோலுக்கு அடியிலும்தான் சேர்ந்திருக்கும். காம்புப் பக்கம் இரண்டு விரல் அகலம் வெட்டி எறிவதும், தோலைச் சற்று ஆழமாகச் சீவுவதும் உண்மையிலேயே பயன் தரும். தேய்ப்பதால் பலன் வந்ததாகத் தோன்றுவதற்கு இந்த வெட்டு ஒரு காரணம். இன்று விற்கும் ரகங்களில் மிகப் பல கசக்காதவை என்பது இன்னொரு காரணம். அப்படிச் சீவியும் நாக்கைத் தாக்கும் கசப்பு இருந்தால் அந்தக் காயை உண்ண வேண்டாம். வேகவைத்தாலும் குக்கர்பிட்டாசின் அழியாது. வாந்தி, வயிற்றுப்போக்கு வரலாம். காய்க்கும் காலத்தில் வேர்மண் காயாமல் பார்ப்பதே உண்மையான தடுப்பு. வெள்ளரியின் வேர் மேல்மண்ணிலேயே பரவுவது. காலையில் ஒரு குடம் ஊற்றிவிட்டு இரண்டு நாள் மறப்பதைவிட, மூடாக்கு போட்டு ஈரத்தைச் சீராக வைப்பதே அதற்கு ஏற்றது. காயில் 95 சதவீதம் நீர் என்பதற்காகத் தொட்டியில் தண்ணீர் தேங்கவிட்டால் வேர் மூச்சுத் திணறி அழுகும்.

நம்பிக்கை 5: காய் நன்றாகப் பெருக்கட்டும், பிறகு பறிக்கலாம்.

ஒரு காய் பெரிதாவதை விளைச்சல் என்று எண்ணுவது, நல்ல ரகத்தையும் காய்க்காத ரகமாக்கிவிடும். கொடியின் நோக்கம் விதை. விதை முற்றத் தொடங்கிய ஒரு காய் கொடியின் சத்தையெல்லாம் தன்னிடம் இழுத்துக்கொள்ளும். மேலே வரும் பிஞ்சுகள் வெம்பும், புதுப் பெண் பூக்கள் குறையும். இலை மறைவில் மஞ்சளாகிப் போன ஒரே காய் ஒரு கொடியின் காய்ப்பை நிறுத்திவிடலாம். தோல் பளபளவென்று, விதை கெட்டியாகாமல் இருக்கும்போதே, ஒன்றுவிட்டு ஒரு நாள் பறிக்க வேண்டும். விதைக்காக விடுவதென்றால் நோயில்லாத ஒரு கொடியை அதற்கென்றே ஒதுக்கி, அதன் பெண் பூவை முந்தின மாலையே கட்டிவைத்து, காலையில் அதே ரகத்தின் ஆண் பூவால் சேர்க்கை செய்து, மறுபடி மூடிவிடலாம்.

“இவ்வளவும் பராமரிப்பென்றால் ரகத் தேர்வு எதற்கு?” என்று கேட்கலாம். அவசியம்தான். ஆனால் கேள்வியைத் திருத்திக் கேட்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இலை ஈரம் காயாத இடத்தில் வளர்ப்பவருக்கு, இலையின் மேற்புறம் மஞ்சள் கட்டங்களும் அடியில் சாம்பல் பூஞ்சணமுமாய் வரும் அடிச்சாம்பல் நோயைத் தாங்கும் ரகம் வேண்டும். இலை மேல் வெள்ளை மாவு தூவியதுபோல் வரும் சாம்பல் நோய்க்கு நனைந்த இலை தேவையில்லை. காற்றோட்டம் குறைந்த மாடி மூலைகளில் அதைத் தாங்குவதே முக்கியம். விதை எடுப்பவருக்கு ஹைப்ரிட் அல்லாத ரகம் வேண்டும். தேனீ வராத வலைக்கூடத்துக்கு மகரந்தம் வேண்டாத ரகம் வேண்டும். எனவே கடையில் கேட்க வேண்டியவை மூன்று: இது எந்த நோயைத் தாங்கும்? இதன் பூ எப்படிக் காய்ப்பிடிக்கும்? இதிலிருந்து விதை எடுக்கலாமா? இந்த மூன்றுக்கும் பதில் எழுதப்பட்ட பொட்டலம், நாட்டு விதையானாலும் ஹைப்ரிட்டானாலும், நம்பி வாங்கத் தக்கது. மீதித் திடத்தை அந்தக் கொடிக்குக் கொடுப்பது சரியான பட்டமும், சீரான ஈரமும், காலைப் பூக்களுக்கு வரும் தேனீயும், நாள் தவறாமல் பறிக்கும் கையும்தான்.