புதிதாக வந்த ஆமையைப் பேணுதல்

புலால் உண்ணும் நாயையும் பூனையையும் இல்லத்தில் வைத்துப் பேணத் தயங்கும் நம் குடும்பத்தார்க்கு, இலையும் பூவும் உண்டு வாழும் தரை ஆமை ஏற்ற துணையாகத் தோன்றுவது இயல்பு. இருபதாம் தீர்த்தங்கரர் முனிசுவிரதநாதரின் இலாஞ்சனமாக நாம் கண்டு வணங்குவதும் ஆமையே. ஆயினும் அன்போடு அழைத்து வந்த ஆமை உண்ண மறுத்து ஓட்டினுள் ஒடுங்கிக் கிடப்பதைக் கண்டு வீட்டார் கலங்குவதும், கலக்கத்தில் கையில் கிடைத்ததை ஊட்டி அதன் உடலைக் கெடுப்பதும் பல இல்லங்களில் நேர்கின்றன. இங்கிலாந்தில் பெரிதும் வளர்க்கப்படும் ஹெர்மன் ஆமையை எடுத்துக்காட்டாகக் கொண்டு, புதிய ஆமையை எவ்வாறு அமைதியுறச் செய்வது, எவ்வாறு நன்கு உண்ணச் செய்வது என்பவற்றை ஒரு பாடமாக இங்குக் காண்போம். அந்நாட்டில் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வாழப்பெற்ற பெற்றோர்கள் இதனை அவர்களுக்கும் படித்துக் காட்டலாம்.

1. வளர்க்கலாமா?

தமிழகத்தில் வாழ்வோர் முதற்கண் ஒன்றை மனங்கொள்ள வேண்டும். நம் புதர்க்காடுகளில் வாழும் நட்சத்திர ஆமையைப் பிடிப்பதும், விற்பதும், வீட்டில் வைத்திருப்பதும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும். அதன் பன்னாட்டு வணிகமும் 2019இல் ஜெனீவாவில் கூடிய மாநாட்டின் முடிவால் தடுக்கப்பட்டது. வயலோரத்தில் அதனைக் கண்டால் அதன் வழியே போக விடுவதே முறை. எவரேனும் வீட்டில் அடைத்து வைத்திருப்பின் வனத்துறையினரிடம் ஒப்படைக்கச் சொல்லுதல் வேண்டும்.

இங்கிலாந்தின் நிலை வேறு. ஒரு காலத்தில் மத்தியதரைக்கடல் நாடுகளிலிருந்து ஆமைகள் பெருந்தொகையாகக் கப்பலேற்றப்பட்டு, வந்த முதற் குளிர்காலத்தையே தாங்காமல் பல மடிந்தன. 1984இல் அவ்வணிக இறக்குமதி நிறுத்தப்பட்டது. இன்று அங்குக் கிடைக்கும் ஹெர்மன் ஆமைகள் பெரும்பாலும் அந்நாட்டுத் தோட்டங்களில் பிறந்தவை. அவற்றை விற்போர் அரசுச் சான்றிதழ் பெற்றிருத்தல் வேண்டும். வளர்க்க இயலாமல் பிறர் கைவிட்ட ஆமைகளும் காப்பகங்களில் உள. அவை குளிர் நாட்டில் தாமாக வெளியே வாழ மாட்டா. காசு கொடுத்து வாங்குவதினும் இத்தகைய ஆமையை ஏற்றுப் பேணுதல் நமக்கு உகந்தது.

அகிம்சை அணுவிரதத்திற்குத் தத்துவார்த்த சூத்திரம் கூறும் அதிசாரங்கள் ஐந்து: கட்டி வைத்தல், அடித்தல், உறுப்புகளைச் சிதைத்தல், அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றுதல், உணவும் நீரும் மறுத்தல். இவற்றுள் முதலதும் இறுதியதும் ஆமை வளர்ப்போரை நேரே தொடுவன. திரும்பவும் இடமற்ற கண்ணாடித் தொட்டியில் வைப்பது கட்டி வைத்தலே. தட்டு நிறைய இட்டாலும், அதன் குடலுக்கு ஒவ்வாததை இட்டால் அது உணவை மறுத்தலோடு ஒக்கும். பழைய நாளில் ஆமை ஓடிவிடாதபடி ஓட்டின் விளிம்பில் துளையிட்டுக் கயிறு கட்டும் வழக்கம் அந்நாட்டில் இருந்தது. ஓடு உயிருள்ள எலும்பு. அதற்கு வலி உண்டு. துளையிடுதல், வண்ணம் பூசுதல், எண்ணெய் தடவுதல் மூன்றும் கூடா.

2. முதல் வாரம்

ஐம்புலன் அடக்கத்திற்கு ஆமையை உவமை கூறுவது நம் நூல் மரபு. புதிய வீட்டிற்கு வந்த ஆமை தலையையும் கால்களையும் உள்ளிழுத்துக் கொள்வதோ அச்சத்தால் என்பதைக் குழந்தைகளுக்கு உணர்த்த வேண்டும். முதல் வகுப்பில் புதிதாகச் சேர்ந்த குழந்தை முதல் நாளில் பெரும்பாலும் உணவுப் பொட்டலத்தைப் பிரிப்பதில்லை. நல்லாசிரியர் அதனை வற்புறுத்த மாட்டார். இருக்க ஓரிடம் காட்டி, தண்ணீர் எங்குளது என்று சொல்லி, தம் பணியைப் பார்ப்பார். இரண்டு நாளில் குழந்தை தானே உண்ணும். ஆமைக்கும் வேண்டுவது இதுவே.

இங்கிலாந்தில் செல்போர்ன் என்னும் சிற்றூரில் வாழ்ந்த கில்பர்ட் வைட் என்னும் பாதிரியார், தம் அத்தை நெடுங்காலம் வளர்த்த ஆமையை 1780ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் தம் இல்லத்திற்குக் கொண்டுவந்தார். குளிர்கால உறக்கத்திலிருந்து தோண்டியெடுக்கப்பட்டு, மண் நிரப்பிய பெட்டியில் எண்பது மைல் வண்டியில் குலுங்கி வந்த அவ்வாமை, தோட்டத்தில் விட்டதும் இருமுறை தோட்டத்தின் கோடிவரை நடந்தது. மாலையில் குளிர் மிகவே, பொலபொலப்பான மண்ணில் தன்னைப் புதைத்துக் கொண்டது. வைட் அதனைத் தோண்டித் துன்புறுத்தவில்லை. 1794 வரை அங்கேயே வாழ்ந்த திமொத்தி என்னும் அவ்வாமை பெண்ணாமை என்பது பிற்காலத்தில் ஓட்டை ஆராய்ந்தபோது தெரிந்தது. நடக்க இடமும், தோண்ட மண்ணும், தனித்திருக்க விடுதலும் புதிய ஆமைக்கு எத்துணை இன்றியமையாதன என்பதற்கு இது நல்ல சான்று.

ஆதலின் ஆமை வருமுன்பே அதன் இடத்தை ஆயத்தம் செய்தல் வேண்டும். கண்ணாடித் தொட்டியினும், மேற்புறம் திறந்த, பக்கங்கள் உயர்ந்த மரப்பெட்டி சிறந்தது. கண்ணாடி ஒரு தடை என்பதை ஆமை உணராது. நாள் முழுதும் அதனை முட்டிச் சோர்ந்து போகும். பெட்டியில் மருந்தும் உரமும் கலவாத மண்ணையும் சிறிது மணலையும் கலந்து, தோண்டும் அளவு ஆழமாக இடுக. இளம் ஆமையாயின் மண்ணின் அடிப்பகுதி சற்று ஈரமாக இருத்தல் நன்று. மிக உலர்ந்த சூழலில் வளரும் குட்டிகளின் ஓடு மேடு மேடாகப் புடைத்து வளர்கிறது. ஒரு மூலையில் கவிழ்த்த பாதிச் சட்டி போன்ற மறைவிடமும், தடுக்கி விழாதபடி ஆழம் குறைந்த நீர்த்தட்டும் வேண்டும்.

முதல் வாரத்தில் ஆமையைக் கையில் எடுத்து விருந்தினர்க்குக் காட்டுவதைத் தவிர்க்க வேண்டும். நாளும் ஒருமுறை வெதுவெதுப்பான நீரில் பத்து அல்லது பதினைந்து நிமிடம் நிற்க வைப்பதற்கு மட்டும் எடுத்தால் போதும். நீர் மேலோடும் அடியோடும் சேரும் இடத்திற்கு மேல் உயரலாகாது. அந்நீரில் அது நிறையக் குடிக்கும், கழிவையும் வெளியேற்றும். கழிவோடு வெண்மையான மென்பசை வருவது இயல்பே. அது மணல்போல் கெட்டியாக வந்தால் உடலில் நீர் குறைந்துள்ளது என்று அறிக.

3. வெப்பமும் ஒளியும்

உண்ணாத ஆமைகளின் வீட்டார் பலர் உணவையே மாற்றி மாற்றிப் பார்ப்பர். முதலில் பார்க்க வேண்டியது வெப்பமானியை. ஆமை தன் உடலின் வெப்பத்தைத் தானே உண்டாக்கிக் கொள்வதில்லை. உடல் சூடேறாவிடில் பசி தோன்றாது. உண்டதும் செரியாது குடலில் தங்கும். பெட்டியின் ஒரு முனையில் விளக்கு அமைத்து, அதன் கீழ் 30 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரையிலும், மறுமுனையில் 20 டிகிரி அளவிலும் வெப்பம் இருக்குமாறு செய்க. வேண்டும்போது அது வெயில் காயும், வேண்டாதபோது விலகும். இரவில் விளக்கை அணைத்து விடலாம்.

வெப்பம் மட்டும் போதாது. சூரிய ஒளியின் புற ஊதாக் கதிரால் ஆமையின் தோலில் வைட்டமின் டி உண்டாகிறது. அஃதின்றி உணவிலுள்ள கால்சியம் உடலிற் சேராது, ஓடு மென்மையாகும். சன்னல் கண்ணாடி இக்கதிரைத் தடுத்து விடுவதால், கண்ணாடிக்குப் பின்னே வரும் வெயில் இதற்குப் பயன்படாது. ஊர்வனவற்றுக்கென விற்கப்படும் புற ஊதா விளக்கை நாளும் 12 மணி நேரம் எரியவிட வேண்டும். வெளிச்சம் குறையாவிடினும் அதன் கதிர் காலப்போக்கில் குறைந்து விடுமாதலால், தயாரிப்பாளர் குறித்துள்ள கெடுவிற்குள் விளக்கை மாற்றுதல் முறை. கோடையில் தோட்டத்து வெயிலே மேலானது. அப்போதும் நிழலும் நீரும் அருகில் இருத்தல் வேண்டும்.

4. எதை உண்ணும்?

ஹெர்மன் ஆமை தென் ஐரோப்பாவின் வறண்ட சரிவுகளில் களைச்செடிகளை மேய்ந்து வாழ்வது. நார் மிகுதி, கால்சியம் மிகுதி, புரதம் குறைவு, சர்க்கரை மிகக் குறைவு என்னும் நான்கும் அதன் உணவின் இலக்கணம்.

நாள்தோறும் தரத்தக்கவை: மஞ்சட்பூப் பூக்கும் டான்டிலையன் செடியின் இலையும் பூவும், சோ-திஸில் இலை, பிளான்டேன் இலை, செம்பருத்தி இலையும் பூவும், முசுக்கொட்டை இலை, திராட்சை இலை, முள் நீக்கிய சப்பாத்திக்கள்ளி. இவற்றுள் ஒன்றையே நாள்தோறும் தராமல் பலவற்றைக் கலந்து தருக. ஓட்டின் பரப்பளவிற்கு ஒரு குவியல் ஒரு நாளைக்குப் போதுமானது.

எப்போதேனும் சிறிது தரத்தக்கவை: குளோவர், முட்டைக்கோசு வகைகள், வெள்ளரிக்காய். பசலைக்கீரையிலுள்ள ஆக்சாலிக் அமிலம் கால்சியத்தைப் பற்றிக்கொள்வதால் அதனைத் தவிர்ப்பது நலம். வெளிறிய லெட்டூஸ் பெரும்பாலும் நீரே.

தரவே கூடாதவை: பால், ரொட்டி, சோறு, பருப்பு, பாலாடைக்கட்டி, இனிப்பு. வாழைப்பழமும் ஆப்பிளும் கூட இவ்வினத்து ஆமைக்கு வேண்டா. பழத்தின் சர்க்கரை குடலில் வாழும் நுண்ணுயிர்களின் சமநிலையைக் குலைத்துக் கழிச்சலை உண்டாக்கும். நாம் உண்பதில் ஒரு பிடியை வீட்டிலுள்ள உயிருக்கும் இடுவது நம் தாய்மார்களின் வழக்கம். அவ்வன்பை ஆமையிடம் காட்ட விரும்புவோர் தோட்டத்திலிருந்து ஒரு பிடி களை பறித்து வரட்டும். அரளி, டாஃபடில், ஃபாக்ஸ்குளோவ், ரோடோடென்ட்ரான், யூ ஆகியவை நச்சுச் செடிகள். தோட்டத்தில் அவை இருப்பின் ஆமை அணுகாதபடி வேலியிடுக. பறித்த இலைகளை உதறி, சிற்றுயிர்கள் இல்லை என்று பார்த்து, கழுவித் தருக. மருந்து தெளித்த இடத்து இலை கூடாது.

கால்சியத்திற்காகப் பலரும் கடல்நுரையைப் போடுவர். அது கணவாய் என்னும் கடலுயிரின் உடலில் உள்ள ஓடு. அதனை விரும்பாத நம் குடும்பத்தார், சுண்ணாம்புக் கல்லிலிருந்து எடுக்கும் கால்சியம் கார்பனேட்டுத் தூளை வாங்கி வாரம் சில முறை இலைமேல் சிறிது தூவலாம்; பயன் ஒன்றே. கிழங்கு வகைகளும் தேவையில்லை.

உணவிடும் நேரம் காலையே. விளக்கடியில் ஒரு மணி நேரம் காய்ந்தபின் இலையை வைத்தால், பகல் முழுதும் செரிப்பதற்கு வெப்பம் கிடைக்கும். அந்தியில் உண்டது குளிர்ந்த உடலில் தங்கிவிடும். இரவுண்ணாமை நோற்கும் இல்லத்தில் ஆமையின் பழக்கம் எவர்க்கும் இடையூறாகாது.

5. உண்ண மறுத்தால்

வந்த சில நாள்கள் உண்ணாதிருப்பதால் நலமுள்ள வளர்ந்த ஆமைக்குத் தீங்கில்லை. குட்டியாயின் விரைந்து கவனிக்க வேண்டும். பின்வரும் வரிசையிற் செய்க.

(அ) விளக்கின் கீழும் மறுமுனையிலும் வெப்பத்தை அளந்து பார்க்க.

(ஆ) நாளும் வெந்நீர்க் குளியல் தருக. நீர் குடித்த பின்னரே பல ஆமைகள் உண்ணத் தொடங்குகின்றன.

(இ) முன்பு வளர்த்தவரிடம் அது உண்டு பழகியதைக் கேட்டறிந்து, முதலில் அதனையே வைக்க.

(ஈ) மஞ்சள், சிவப்புப் பூக்களை இலைமேல் வைக்க. நிறம் ஆமையின் கண்ணை ஈர்க்கும்.

(உ) வெள்ளரி, லெட்டூஸ் மட்டுமே உண்டு பழகிய ஆமைக்கு, அவற்றோடு களையிலைகளைப் பொடியாக நறுக்கிக் கலந்து, வாரந்தோறும் களையை மிகுத்து, பழையதைக் குறைத்து வருக. இதற்கு ஒரு திங்களும் ஆகலாம்.

(ஊ) வாயைத் திறந்து திணித்தல் கூடாது. உணவை வைத்துவிட்டு அப்பால் சென்று விடுக.

வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் நிறுத்து, ஏட்டில் குறித்து வருதல் குழந்தைகளுக்கு ஏற்ற பணி. எடை குறையாதவரை அஞ்ச வேண்டுவதில்லை. எடை தொடர்ந்து குறைதல், மூக்கில் நீர் அல்லது குமிழி, வீங்கி மூடிய கண்கள், வாய் திறந்து மூச்சு விடுதல், மென்மையான ஓடு, வெப்பம் சரியாயிருந்தும் ஒரு வாரத்திற்கு மேல் உண்ணாமை ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் ஊர்வன பற்றி நன்கறிந்த கால்நடை மருத்துவரிடம் செல்க. குடற்புழுவைச் சோதிக்கப் புதிய சாணமும் கொண்டு செல்க. வீட்டில் முன்பே வேறு ஆமை இருப்பின், புதியதைப் பல திங்கள் தனியே வைத்தல் வேண்டும்.

இலையுதிர் காலத்தில் பசி குறைவது உறக்கத்திற்கான ஆயத்தமாகவும் இருக்கலாம். ஆயினும் உடல்நிலை தெரியாத புதிய ஆமையை மருத்துவர் பார்க்காமல் உறங்க விடலாகாது. ஐயம் இருப்பின் முதற் குளிர்காலத்தில் விளக்கு வெப்பத்திலேயே வைத்திருக்க. ஆமையைத் தொட்ட பின் சோப்பிட்டுக் கை கழுவுதல் அனைவர்க்கும் விதி. சால்மொனெல்லா கிருமி நலமுள்ள ஆமையிடமும் இருக்கும்.

ஹெர்மன் ஆமை ஐம்பது ஆண்டிற்கு மேலும் வாழக்கூடியது. பத்து வயதுக் குழந்தைக்காக ஏற்கும் ஆமை, அக்குழந்தையின் முதுமையிலும் இலை கேட்கும். தமக்குப் பின் அதனை யார் பேணுவர் என்பதை வீட்டார் கூடிப் பேசி முடிவு செய்த பின்னரே அதனை ஏற்க வேண்டும்.

வீட்டில் வினவுக

1. உண்ணாத ஆமைக்கு முதலில் எதைச் சோதிக்க வேண்டும்? ஏன்?
2. சன்னலோர வெயில் ஏன் போதாது?
3. பழம் நமக்கு நல்லது. இவ்வாமைக்கு ஏன் ஆகாது?
4. கடல்நுரைக்கு மாற்று யாது?
5. அதிசாரங்கள் ஐந்தனுள் ஆமை வளர்ப்பில் எளிதில் நேரக்கூடியவை எவை? அவை நேராதிருக்க உங்கள் வீட்டில் என்ன செய்வீர்கள்?