வாசலில் நிற்கும் ஜீவன்

இல்லறத்தானுக்கு விதிக்கப்பட்ட ஐந்து வேள்விகளுள் பூத யக்ஞமும் ஒன்று. நாய், காக்கை, புழு முதலிய ஜீவன்களுக்கு அன்னத்தில் ஒரு பங்கு வைக்குமாறு மனு ஸ்மிருதி பணிக்கிறது. உண்டபின் எஞ்சியதை வீசுவது வேறு. உண்பதற்கு முன்பே எடுத்து வைப்பது வேறு. குழந்தைகள் இவ்வேறுபாட்டை நாம் சொல்லியல்ல, நாம் செய்வதைப் பார்த்தே அறிகிறார்கள்.

பெங்களூரு சிவாஜிநகரில், 1927-இல் கட்டப்பட்ட ரஸ்ஸல் மார்க்கெட்டைச் சூழ்ந்த தெருக்களில், கண்டோன்மெண்ட் காலந்தொட்டுத் தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்து வருகின்றன. வாசற்படியைத் தாண்டினால் தெரு. இறைச்சிக் கடைகள் மலிந்த இடமாதலால் நாய்களுக்கும் குறைவில்லை. இங்கே நாய் வளர்ப்பு பெரும்பாலும் விலை கொடுத்து வாங்குவதில் தொடங்குவதில்லை. வாசலில் வந்து நிற்கும் ஒரு குட்டிக்குச் சிறுவன் ஒருவன் பால் ஊற்றுவதில் தொடங்குகிறது.

பேணி வளர்க்கப்படும் நாயின் ஆயுள் சுமார் பத்து முதல் பதின்மூன்று ஆண்டுகள். ஐந்து வயதில் குட்டியைத் தூக்கிய பிள்ளை கல்லூரியில் சேரும்போது அது கிழமாகிவிடுகிறது. பல பிள்ளைகள் முதன்முதலில் காணும் முதுமையும் மரணமும் அதனுடையவையே. இதனிடையே பத்தாம் வகுப்பு வந்ததும் நாயின் கிண்ணம் ஓசையின்றித் தாயின் கைக்கு மாறிவிடும். படிப்பை முன்னிட்டுப் பெற்றோர் இதை அனுமதிக்கின்றனர். ஆனால் ஏற்ற பொறுப்பை வசதிக்கேற்பக் கைவிடலாம் என்ற பாடத்தையும் பிள்ளை அப்போதே கற்றுக்கொள்கிறது.

மகாபாரதத்தின் மஹாப்ரஸ்தானிக பர்வம் இங்கே நினைவுகூரத் தக்கது. தன்னைத் தொடர்ந்து வந்த நாயை விட்டுவிட்டுச் சுவர்க்கம் புக யுதிஷ்டிரர் மறுத்தார். 'தம்பியரையும் திரௌபதியையும் விட்டு வந்தாயே!' என்றான் இந்திரன். அவர்கள் மாண்ட பின்னரே பிரிந்ததாகவும், உயிருடன் இருக்கையில் விடவில்லை என்றும் அவர் விடையளித்தார். இறந்தவரை அவர் பற்றிக்கொண்டிருக்கவில்லை. இருப்பதைத் துறக்கவும் இல்லை. பாகவதம் கூறும் பரத மன்னரோ இதற்கு மறுதலை. அரசையே துறந்தவர், ஆற்றில் விழுந்த மான்குட்டியைக் காத்து, அதையே எண்ணி உயிர்நீத்து, மானாகப் பிறந்தார். குட்டியைக் காத்தது குற்றமன்று. கருணை 'என்னுடையது' என்ற மமதையாக மாறியதே குற்றம். வெளியூர் செல்லும் மகனைப் பிடித்து வைக்க விழையும் பெற்றோருக்கும் இது பொருந்தும்.

அன்பு அறிவைக் கைவிடுவதுமன்று. 2023-இல் பெங்களூரில் எடுத்த கணக்கெடுப்பின்படி தெருநாய்கள் சுமார் 2.79 லட்சம். வெறிநோய் ஐயமுள்ள பிராணிகளால் கடிபடுவோரில் சுமார் 40 சதவீதத்தினர் பதினைந்து வயதுக்கு உட்பட்டோர் என உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. கடிபட்டால் சோப்பும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் புண்ணைக் கழுவிவிட்டு, அன்றே மருத்துவமனையில் தடுப்பூசி பெற வேண்டும். திட்டு விழும் என்றஞ்சிக் காயத்தை மறைக்கும் குழந்தைகள் உண்டு. அந்த அச்சத்தை வீட்டில் முதலில் போக்க வேண்டும். நாய்க்குத் தடுப்பூசி போடுவதும் கருத்தடை செய்விப்பதும் சோறிடுவதன் பகுதியே. பிள்ளைகள் விளையாடும் இடத்திலிருந்து விலகி உணவிட வேண்டும் என்று 2023-ஆம் ஆண்டின் விதிகளும் கூறுகின்றன.

பேலூர் மடத்தில் சுவாமி விவேகானந்தர் பாகா என்ற நாயை வளர்த்தார். ஒருமுறை ஏதோ குறும்புக்காக அது கங்கையின் அக்கரைக்கு அனுப்பப்பட்டது. பாகா படகேறித் திரும்பி வந்துவிட்டது. அதை இனி விரட்ட வேண்டாம் என்று சுவாமிஜி கூறிவிட்டார்.