மயக்க மருந்து தருவது தூக்கமா?

கேள்வி: அம்மாவுக்குப் பித்தப்பை ஆபரேஷன். "ஊசி போட்டதும் தூங்கிவிடுவீர்கள்" என்றார் டாக்டர். அது உண்மையில் தூக்கம்தானா?

பதில்: இல்லை. தட்டினால் கலைவது தூக்கம். கத்தி பட்டாலும் கலையாதது மயக்கம். மயக்கம் மிக ஆழமானால் மூளையின் மின்னலைகள் சில நொடிகள் அடங்கி, திடீரெனத் துடித்து, மறுபடி அடங்கும். இயல்பான தூக்கத்தில் இப்படி நடப்பதில்லை.

ஆனாலும் டாக்டரின் பேச்சில் உண்மை உண்டு. மூளையின் அடிப்பகுதியான ஹைப்போதலாமஸில் ஒரு சிறு நரம்பணுக் கூட்டம் நாம் தூங்கும்போதுதான் மும்முரமாகிறது. 'காபா' என்ற வேதிப்பொருளைச் சுரந்து, நம்மை விழிப்பாக வைத்திருக்கும் ஹிஸ்டமின் நரம்பணுக்களை அடக்குகிறது. ஊசியில் ஏற்றும் புரோப்போஃபால் இதே காபாவின் வேலையைத்தான் வலுப்படுத்துகிறது. ஹிஸ்டமின் பகுதியில் காபாவைத் தடுத்தால் மருந்தின் உறக்க விளைவு குறைகிறது என்பதை 2002-இல் எலிகளில் கண்டார்கள்.

அதோடு மருந்து நிற்பதில்லை. பெருமூளைப் புறணி, தலாமஸ், மூளைத்தண்டு எல்லாவற்றையும் அமுக்குகிறது, மூச்சே நின்றுபோகலாம். அதனால்தான் மயக்கவியல் மருத்துவர் கடைசிவரை அருகிலேயே இருக்கிறார்.

எல்லா மருந்தும் ஒரே வழியில் போவதில்லை. டெக்ஸ்மெடிட்டோமிடின் நார்அட்ரினலின் சுரப்பைக் குறைத்து, இயல்பான தூக்கத்துக்கு நெருக்கமான நிலையைத் தருகிறது. கூப்பிட்டால் கண் திறப்பார்கள். கீட்டமைன் வேறு ரகம்: அது முக்கியமாகக் குளுட்டமேட் ஏற்பிகளை அடைக்கிறது.

அம்மாவுக்குப் பலத்த குறட்டையோ, தூக்கத்தில் மூச்சுத் தடையோ இருந்தால் மயக்கவியல் மருத்துவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.