ஏலமலைப் படத்தில் எதை வெட்டுவது?

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். எந்த வளைவில் நின்று எடுத்தாலும் தடுப்புச்சுவர், மின்கம்பி, மலை, வானம், கீழே சமவெளி என்று எல்லாமே படத்துக்குள் முண்டியடிக்கும். படம் எடுபடவில்லை என்றதும் பலரும் நிறத்தைத்தான் கூட்டுகிறார்கள். நெரிசல் நிறத்தால் தீராது. முதலில் கழிக்க வேண்டும். வெளிச்சமும் நிறமும் அதற்குப் பிறகு. எடுக்கும்போதே ஒழுங்காக எடுத்தால் திருத்தம் எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் மலைச்சாலையில் இன்னும் இரண்டடி முன்னால் போக முடியாது, அங்கே பள்ளம். கால்கள் போக முடியாத அந்தத் தூரத்தைத்தான் வெட்டுதல் ஈடுகட்டுகிறது.

மூலப்படத்தைத் தொடாமல் ஒரு நகலில் வேலையைத் தொடங்குங்கள். முதலில் சாய்வு. கடற்கரைப் படத்துக்குத் தொடுவானம் அளவுகோல்; மலைச்சரிவில் அது கிடைக்காது. செயலியின் தானியங்கித் திருத்தம் சரிவின் விளிம்பையே கிடைக்கோடாக எண்ணி மலையைப் படுக்கவைத்துவிடக்கூடும். ஏலச்செடிகளுக்கு நிழல் தரும் உயரமான மரங்களை நம்புங்கள். சரிவில் வேர்விட்டாலும் அவை பெரும்பாலும் நேராகவே மேலே போகின்றன. படத்தின் நடுவிலுள்ள ஒரு மரத்தை நிமிர்த்தினால் போதும். ஓரத்து மரங்கள் கேமராவை அண்ணாந்து பிடித்ததாலேயே சாய்ந்து தெரியும், அவற்றை வைத்து அளக்காதீர்கள்.

அடுத்தது வெட்டு, நேரத்தை இங்கேதான் செலவிட வேண்டும். தோட்டத்தில் எடுத்த ஏலப்பூ படத்தையே பார்ப்போம். ஏலப்பூ செடியின் உச்சியில் பூப்பதில்லை. அடியில், மண்ணையொட்டிக் கிடக்கும் சரத்தில் பூக்கிறது; வெள்ளை இதழில் ஊதா வரிகள். தோட்டத்து நிழலில் எடுத்த படத்தில் கிளை இடுக்கில் தெரியும் வானத் துண்டு அந்தப் பூவைவிடப் பளிச்சென்று இருக்கும், கண் அங்கேயே ஓடும். ஆகவே மேலிருந்து வெட்டிக்கொண்டே வாருங்கள், அந்த வெளிச்சம் மறையும் வரை. படத்தை மூன்றாகப் பிரித்து முக்கியப் பொருளை நடுவில் அல்லாமல் பிரிகோட்டில் வைக்கச் சொல்லும் மூன்றில் ஒரு பங்கு விதியை இங்கே பலர் நினைவூட்டுவார்கள். 1797-இல் ஜான் தாமஸ் ஸ்மித் இயற்கைக் காட்சி ஓவியத்தைப் பற்றி எழுதிய யோசனை அது. பயன்படும், ஆனால் சரம் நீளும் பக்கத்தில் இடம் விடுவது அதைவிட முக்கியம். வெட்டினால் தெளிவு குறையுமே என்றால், 4000க்கு 3000 புள்ளிகள் கொண்ட படத்தை இரு பக்கமும் பாதியாக்கினாலும் 30 லட்சம் புள்ளிகள் மிஞ்சும். கைபேசித் திரைக்குத் தாராளம். ஆறரை அங்குல அகலத்துக்கு நன்றாக அச்சிடவும் செய்யலாம்.

இனி வெளிச்சம். மூட்டம் நீக்கும் வசதியை முழு அளவுக்குக் கூட்டிவிடாதீர்கள். தொலைவுக் குன்றுகள் நீலமாக வெளிறித் தெரிவதால்தான் மலை அடுக்கடுக்காக விரிகிறது. மூட்டத்தைத் துடைத்தால் எல்லாக் குன்றும் ஒரே சுவரில் ஒட்டியதுபோல் ஆகிவிடும். வெட்ட முடியாத ஓரத்து வெளிச்சத்தை மட்டும் சற்று மங்கச் செய்யுங்கள்.

இப்படித் திருத்துவது ஏமாற்று வேலை என்பவர்களுக்கு ஒரு பதில்: புகைப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ் 1941-இல் எடுத்த நிலவுப் படத்தின் வானத்தைப் பிற்கால அச்சுகளில் மேலும் மேலும் கருமையாக்கினார். அதில் கண்டனத்துக்கு இடமில்லை. 1982 பிப்ரவரியில் நேஷனல் ஜியோகிராபிக் இதழின் அட்டைக்காகப் பிரமிடுகளை நகர்த்தி நெருக்கியதுதான் கண்டனத்துக்கு உள்ளானது. சுவரில் மாட்டும் படத்தில் மின்கம்பியை அழிக்கலாம். இடத்தைப் பதிவு செய்யும் படத்தில் அது இருந்தாக வேண்டும்.

கடைசியாகப் படத்தைக் கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். கண் முதலில் பூவில் விழவில்லை என்றால் நிறத்தைத் தொடாமல் மறுபடி வெட்டுக்கே திரும்புங்கள்.